சண்டை இல்லை, வில்லன் இல்லை... ‘முஷிஷி’ அனிமேவை ஏன் பார்க்க வேண்டும்?

இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை நன்றாகப் பொத்திக்கொண்டு பத்து விநாடி அப்படியே இருங்கள். வெளிச் சத்தம் அடங்கியதும், ஆழத்தில் எங்கோ ஏதோ உருள்வதுபோல ஒரு மெல்லிய ‘குர்ர்ர்’ ஓசை கேட்கும். உங்கள் தசைகள் சுருங்கும்போது எழும் அதிர்வு அது. சுருக்கமாகச் சொன்னால், உடம்பு உயிரோடு இருக்கும் சத்தம்.

‘முஷிஷி’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 3-வது எபிசோடில் இந்தச் சத்தம்தான் மருந்து.

பனி மூடிய ஒரு மலைக் கிராமம். அங்கே பலருக்குத் திடீரென ஒரு காது கேட்காமல் போகிறது. மாஹோ என்ற சிறுவனுக்கோ நேரெதிர் பிரச்னை. நெற்றியில் கொம்புகள் முளைத்திருக்கின்றன. காதில் ஓயாத இரைச்சல். அவன் அம்மாவும் இதே நோயில்தான் இறந்துபோயிருக்கிறாள். அந்த ஊருக்கு வரும் கிங்கோ என்ற வழிப்போக்கன் காரணத்தைக் கண்டுபிடிக்கிறான். நத்தைபோல இருக்கும் இரண்டு வகை உயிர்கள் காதுக்குள் குடியேறியிருக்கின்றன. ‘ஊன்’ என்பது சத்தத்தைத் தின்னும். ‘ஆ’ என்பது நிசப்தத்தைத் தின்னும். (ஜப்பானியக் கோயில் வாசல்களில் நிற்கும் இரட்டைக் காவல் உருவங்களில் ஒன்று வாயைத் திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். அவற்றுக்கும் இதே பெயர்கள்தான். மூலம், சமஸ்கிருத ஓங்காரம்.)

ஊனுக்கு உப்புத் தண்ணீர் போதும். ஆவுக்கு என்ன மருந்து? விடை, மாஹோவின் அம்மா விட்டுப்போன ஒரு நினைவில் இருக்கிறது. எரிமலைக் குழம்பு ஓடும் சத்தம் எப்படி இருக்கும் என்று காட்ட, அவள் ஒருநாள் காதுகளைக் கைகளால் பொத்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பையனுக்கு அது அம்மாவின் நினைவு. கிங்கோவுக்கு அதுதான் சிகிச்சை.

இவ்வளவுதான் கதை. வாள் சண்டை இல்லை, உலகைக் காப்பாற்றும் பொறுப்பு இல்லை, அடுத்த எபிசோடுக்கு இழுக்கும் திருப்பமும் இல்லை. ஆனாலும் 2005-ல் தொடங்கிய இந்தத் தொடரை அனிமே ரசிகர்கள் இன்றும் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொண்டே இருக்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது இதில்?

முதலில், ‘முஷி’ என்றால் என்ன?

ஜப்பானிய மொழியில் ‘முஷி’ என்றால் பூச்சி. ஆனால், அந்தச் சொல்லின் எல்லை கொஞ்சம் பெரியது. கெட்டது ஏதோ நடக்கப்போகிறது என்று உள்ளுக்குள் தோன்றினால், அதை ‘முஷி சொன்ன சேதி’ என்பார்கள். ஒருவர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், ‘அவருக்குள் முஷி உட்கார்ந்திருக்கும் இடம் சரியில்லை’ என்பார்கள். மனிதனுக்குள் முஷிகள் வாழ்கின்றன, நோய்களுக்கு அவையே காரணம் என்ற நம்பிக்கை அங்கே ஒரு காலத்தில் மருத்துவமாகவே இருந்தது. 1568-ல் எழுதப்பட்ட ‘ஹரிகிகிகாகி’ என்ற மருத்துவச் சுவடியில் இப்படிப்பட்ட 63 உயிர்களை வண்ணத்தில் வரைந்தே வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவடி இப்போது கியூஷு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

‘முஷிஷி’ தொடரில் வரும் முஷி, பூச்சியும் இல்லை, பேயும் இல்லை. முதல் எபிசோடில் கிங்கோ தன் கையைக் காட்டி இதை விளக்குகிறான். நான்கு விரல்களும் விலங்குகள், கட்டை விரல் தாவரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயத்திலிருந்து ரொம்பத் தள்ளி, நடுவிரல் நுனியில் இருப்பவன் மனிதன். உள்ளங்கையை நோக்கி வர வர எளிமையான உயிர்கள். மணிக்கட்டுக்கு வந்தால் பூஞ்சை, நுண்ணுயிர். அங்கே தாவரம் எது, விலங்கு எது என்று பிரிப்பதே கஷ்டம். அதற்கும் மேலே, முழங்கையைத் தாண்டி, தோளைத் தாண்டி, இதயத்துக்குப் பக்கத்தில் இருப்பவைதான் முஷி. உயிர் என்பதன் ஆதி வடிவத்துக்கு மிக நெருங்கியவை.

எல்லோர் கண்ணுக்கும் அவை தெரிவதில்லை. தெரிந்தவர்களில் சிலர், முஷியால் வரும் சிக்கல்களைத் தீர்ப்பதையே தொழிலாகச் செய்கிறார்கள். அவர்கள்தான் ‘முஷிஷி’.

கிங்கோ ஏன் ஓர் ஊரில் தங்குவதில்லை?

வெள்ளை முடி, ஒரு பச்சைக் கண், முதுகில் நிறைய இழுப்பறைகள் வைத்த மரப்பெட்டி, வாயில் எப்போதும் சிகரெட். ஊரெல்லாம் கிமோனோவில் இருக்க, இவன் மட்டும் சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு வருகிறான். எடோ காலம் முடிந்து மெய்ஜி காலம் தொடங்கும் இடைவெளிபோலத் தோன்றும் ஒரு ஜப்பான் அது. எந்த ஆண்டு என்று தொடர் சொல்வதே இல்லை.

ஊர் சுற்றும் ஹீரோ என்றாலே பழிவாங்கவோ, புதையல் தேடவோ போகிறவன் என்றுதான் நினைப்போம். கிங்கோவின் காரணம் வேறு. அவன் முஷிகளை ஈர்க்கும் உடம்புக்காரன். ஓர் இடத்தில் அதிக நாள் இருந்தால் சுற்றிலும் முஷிகள் கூடிவிடும். அந்த ஊருக்கே ஆபத்து. சிகரெட் புகைகூட ஸ்டைலுக்காக இல்லை, அவற்றை விலக்கி வைக்கத்தான்.

அதாவது, அடுத்தவர்கள் தங்கள் வீட்டில் நிம்மதியாக இருக்க வழிசெய்கிறவனுக்கு, வீடு என்ற ஒன்று வாய்க்கவே வாய்க்காது. இதை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் கண்ணீர்க் காட்சி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அவன் எப்படி இப்படி ஆனான் என்பதை 12-வது எபிசோடில் மட்டும் சொல்கிறார்கள். நிலச்சரிவில் தாயை இழந்த யோகி என்ற சிறுவனின் கதை அது. பெயரையும் நினைவையும் ஒரு கண்ணையும் இழந்துவிட்டு, கையில் மிஞ்சிய ஒரே ஒரு சொல்லைத் தன் பெயராக வைத்துக்கொண்டு அவன் நடக்க ஆரம்பிக்கிறான். பார்வையாளருக்குத் தெரியும் அந்தக் கதை, கிங்கோவுக்கே நினைவில் இல்லை. தொடரில் மிகவும் கனமான விஷயம் இதுதான். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

வில்லன் எங்கே?

காணோம். கடைசி வரைக்கும் காணோம்.

முஷி மனிதனைப் பழிவாங்குவதில்லை. கெட்ட எண்ணம் என்று எதுவும் அதற்குக் கிடையாது. அது தன்பாட்டுக்கு வாழ்கிறது. அதன் வாழ்க்கையும் மனிதனின் வாழ்க்கையும் ஓர் இடத்தில் குறுக்கிடும்போது மனிதன் காயப்படுகிறான். நம் உடம்பில் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிக்கு நம்மீது கோபமா என்ன? அப்படித்தான்.

இப்படி யோசித்துப் பாருங்கள். எதிரி என்று ஒருவன் இருந்தால் கதை எழுதுவது சுலபம். அவனை அடித்தால் முடிந்தது. எதிரியே இல்லாத துன்பத்தை என்ன செய்வது? ‘முஷிஷி’ 46 எபிசோடுகளிலும் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்.

9-வது எபிசோடை எடுத்துக்கொள்வோம். சுற்று வட்டாரமெல்லாம் விளைச்சல் இல்லாமல் தவிக்க, ஒரு கிராமத்தில் மட்டும் நெல் குலுங்குகிறது. ஆனால், அமோக விளைச்சலுக்குப் பிறகு அந்த ஊரில் ஒரு மரணம் நிகழ்கிறது. பெரும்பாலும் ஊரிலேயே பலவீனமான ஒருவருக்கு. யாருக்குப் புதிதாக ஒரு பல் முளைக்கிறதோ, அவருடைய முறை. காரணம், மண்ணில் ஊன்றப்பட்ட ஒரு விதை. அது ஓர் உயிரை வாங்கிக்கொண்டு ஊருக்கே சோறு போடும்.

விதையை ஊன்றியவர் ஊரின் பூசாரி. அவர் கொடியவர் இல்லை. முன்பு ஒரு பஞ்சத்தில் இதே விதையைப் பயன்படுத்தி, தன் மனைவியையே அதற்குப் பறிகொடுத்தவர். மறுபடியும் பஞ்சம் வந்து, ஊரே சாகக் கிடக்கும்போது அவர் என்ன செய்வார்? ஒருவர் சாவதா, எல்லோரும் சாவதா? இந்த முறை அந்த ஒருவர் தானாகவே இருக்கட்டும் என்று அவர் முடிவெடுக்கிறார்.

‘நீ செய்தது தப்பு’ என்று கிங்கோ தீர்ப்பு எழுதுவதில்லை. அவன் கண்டுபிடிக்கும் வழி என்ன என்பதை இங்கே சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும். ஆனால் ஒன்று நிச்சயம். அந்த வழிக்கும் ஒரு விலை இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. தொடரின் நேர்மையே இதில்தான் இருக்கிறது.

சில எபிசோடுகளில் கிங்கோ ஜெயிக்கிறான். சிலவற்றில் பாதி. சிலவற்றில் தோற்றே போகிறான். 4-வது எபிசோடில் ஜின் என்பவனுக்குக் கனவில் வருவதெல்லாம் நிஜமாக நடக்கிறது. எதிர்காலம் தெரிகிறது என்று ஊர் அவனைக் கொண்டாடுகிறது. உண்மை வேறு. அவன் எதிர்காலத்தைப் பார்க்கவில்லை. கனவில் வாழும் முஷி, அவன் கண்ட கனவை வெளியே கொண்டுவந்து நிஜமாக்குகிறது. இது தெரிந்தால் அவன் தாங்க மாட்டான் என்று நினைத்து கிங்கோ முதலில் உண்மையை மறைக்கிறான். மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறான்.

திரும்பி வரும்போது அந்த ஊரே இல்லை.

அக்கறையோடு சொன்ன பாதிப் பொய், முழு உண்மையைவிட அதிகச் சேதம் செய்துவிட்டதா? சொல்லியிருந்தாலும் இதுதான் நடந்திருக்குமா? தொடர் பதில் சொல்வதில்லை. கிங்கோவின் முகத்தைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு எபிசோடை முடித்துவிடுகிறது. கேள்வி நம்மோடு வந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், தோல்விபோலத் தெரியும் இடத்தில் உயிர் பிழைக்கும் கதைகளும் உண்டு. 5-வது எபிசோடில், வெள்ளத்தைத் தணிக்க ஆற்றுக்குப் பலியாகக் கொடுக்கப்பட்ட ஈயோ என்ற பெண்ணை ஒரு சதுப்பு நீர்நிலை காப்பாற்றுகிறது. அந்த நீர்நிலையே உயிருள்ள ஒன்று. மலை மலையாக இடம்பெயர்ந்து, சாவதற்காகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. தன்னைக் கைவிட்ட மனிதர்களைவிட, தன்னை ஏந்திக்கொண்ட அந்தத் தண்ணீரோடு போவதே மேல் என்று அவள் நினைக்கிறாள். அவளிடம் ‘வாழ்க்கை அழகானது’ என்று பிரசங்கம் செய்ய கிங்கோவுக்குத் தெரியாது. அவன் செய்வதெல்லாம், அவளுக்கு முன்பாகக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்து, மீனவர்களிடம் வலை கேட்பதுதான்.

எடுத்தவர்கள் யார்?

‘முஷிஷி’ முதலில் மங்காவாக வந்தது. எழுதி வரைந்தவர் யூகி உருஷிபாரா. 1999-ல் தொடங்கி 2008 வரை கோடன்ஷா நிறுவனத்தின் இதழ்களில் வெளியானது. மொத்தம் 10 தொகுதிகள். 2006-ல் கோடன்ஷா மங்கா விருதும் பெற்றது.

அனிமேவாக்கியது ஆர்ட்லேண்ட் ஸ்டுடியோ. இயக்கியவர் ஹிரோஷி நாகஹாமா. 2005–06-ல் முதல் சீசன், 26 எபிசோடுகள். அதன் பிறகு எட்டு வருட இடைவெளி. பொதுவாக இவ்வளவு இடைவெளி விழுந்தால் தொடர் அத்தோடு போச்சு என்று அர்த்தம். ஆனால் 2014-ல் அதே இயக்குநர், அதே கிங்கோ குரலோடு 20 எபிசோடுகளுடன் திரும்பி வந்தார்கள். சூரிய கிரகணத்தை வைத்து ஒரு சிறப்பு எபிசோடும் அதே ஆண்டு வந்தது. மங்காவின் கடைசிக் கதை 2015-ல் திரையரங்குக்கு வந்தது. இடையில், ‘அகிரா’ எடுத்த கட்சுஹிரோ ஓட்டோமோ இதை நடிகர்களை வைத்துப் படமாகவும் எடுத்தார். கிங்கோவாக நடித்தவர் ஜோ ஓடகிரி.

நாகஹாமா செய்த முக்கியமான காரியம், அவசரப்படாதது. மங்காவின் ஒரு கதைக்கு ஓர் எபிசோடு. பெரும்பாலும் அதே வரிசை இல்லாவிட்டாலும், அதே நிதானம். காட்டின் பச்சைக்குள் எத்தனை பச்சை உண்டோ அத்தனையையும் பின்னணியில் வரைந்திருக்கிறார்கள். பெண் குரல் ஒன்று தொடக்கத்திலும் முடிவிலும் பாட்டி கதை சொல்வதுபோல நாலு வரி சொல்லிவிட்டுப் போகும்.

இசையில் ஓர் ஆச்சரியம். முதல் சீசனின் தொடக்கப் பாடல் ஜப்பானியப் பாடல் இல்லை. ஸ்காட்லாந்துப் பாடகர் ஆலி கெர் பாடிய ‘தி சோர் ஃபீட் சாங்’. ‘கால் வலிப் பாட்டு’ என்று சொல்லலாம்; நடந்துகொண்டே இருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்காது. முடிவுக்கு நிரந்தரப் பாடல் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு எபிசோடுக்கும் தோஷியோ மசூடா தனி இசை அமைத்திருக்கிறார். கதை முடிந்து திரை கறுத்த பிறகு, அந்தக் கதைக்கு மட்டுமே உரிய அந்த இசை மெதுவாக எழும். ‘அடுத்த எபிசோடு’ பட்டனை அங்கே அழுத்திவிட்டால், கதையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படித்த மாதிரிதான்.

எப்படிப் பார்ப்பது?

‘முதல் ரெண்டு எபிசோடு பார்த்தேன், ஒண்ணுமே நடக்கலையே!’ என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் பார்த்த விதம்தான் பிரச்னை. பஸ்ஸில் நின்றுகொண்டு, 1.5 மடங்கு வேகத்தில், நடுநடுவே வாட்ஸ்அப்புக்கு பதில் போட்டுக்கொண்டு பார்த்தால் ‘முஷிஷி’யில் நிஜமாகவே ஒன்றும் நடக்காது. பனிக் கிராமக் கதையில் சத்தம் சட்டென்று அறுந்துபோகும் இடம்தான் திகில். அதை வேகமாக ஓட்டினால் அங்கே வெறும் வெள்ளைத் திரைதான் இருக்கும்.

இதற்குச் சில எளிய வழிகள்:

• ஒரு நாளைக்கு ஓர் எபிசோடு போதும். ஒவ்வொன்றும் 25 நிமிடத்துக்குள். விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையே இல்லை. ஒரு மாதம் கழித்துக்கூடத் தொடரலாம்.

• இரவு, ஹெட்போன், நார்மல் வேகம்.

• வரிசையாகத்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் எபிசோடு பிடிபடவில்லை என்றால் 3, 5, 9 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் தொடங்கலாம். 12-வதை மட்டும் பத்துப் பன்னிரண்டு கதைகள் பார்த்த பிறகு பாருங்கள். கிங்கோவை ஓரளவு தெரிந்த பிறகுதான் அது வலிக்கும்.

• குழந்தைகளோடு பார்க்கலாமா? ரத்தக் களறி இல்லைதான். ஆனால் மரணம், பிரிவு, குழந்தையை இழந்த தாய் என்று பல கதைகள் மனதை அழுத்தும். பெரியவர்களுக்கான தொடர் இது.

எல்லோருக்கும் இது பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாத்திரங்கள் வளர்ந்துகொண்டே போக வேண்டும், கதை எங்காவது போய்ச் சேர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். முதல் எபிசோடின் கிங்கோவும் கடைசி எபிசோடின் கிங்கோவும் ஒரே ஆள்தான். அவன் கடந்துபோகும் ஊர்கள்தான் மாறுகின்றன.

கொல்லாத கதை ஒன்று

20-வது எபிசோடில் தான்யூ என்றொரு பெண் வருகிறாள். பல தலைமுறைக்கு முன்பு, உயிர்களையெல்லாம் அழிக்கக்கூடிய ஒரு முஷியை அவள் குடும்பத்து மூதாதை ஒருத்தி தன் உடம்புக்குள் அடைத்துக்கொண்டாள். அதன் மிச்சம் இப்போது தான்யூவின் வலது காலில் கரிய மச்சமாகப் பரவிக் கிடக்கிறது. அந்தக் காலால் நடக்க முடியாது. அதைக் கரைக்க ஒரே வழி, எழுதுவது. முஷிகளைக் கொன்ற கதைகளை முஷிஷிகள் வந்து சொல்லச் சொல்ல, அவள் அவற்றைத் தாளில் இறக்குகிறாள். கறுப்பு அவள் உடம்பிலிருந்து எழுத்தாக வெளியேறுகிறது. ஒவ்வொரு வரிக்கும் வலி.

கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போகிறது. வருகிறவர்கள் எல்லோரும் எப்படிக் கொன்றோம் என்றே சொல்கிறார்கள். தன் காலை முடக்கியது ஒரு முஷி என்று தெரிந்தும், கொன்ற கதைகளில் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. அந்த நேரத்தில்தான் கிங்கோ வருகிறான். அவனிடம் வேறு மாதிரிக் கதைகள் இருக்கின்றன. முஷியும் பிழைத்து, மனிதனும் பிழைத்த கதைகள். அவள் அவற்றைக் கேட்டு எழுதுகிறாள்.

எழுதி முடிக்க வேண்டியது இன்னும் மலைபோல இருக்கிறது. அவள் ஆயுளுக்குள் முடியுமா என்று யாருக்கும் தெரியாது. கால் சரியானால் அவனோடு ஊர் சுற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. அவனும் மறுப்பதில்லை. அதுவரை, மலையிலும் கடற்கரையிலும் நடந்து அவன் சேர்த்துக்கொண்டு வரும் கதைகளுக்காக அவள் காத்திருக்கிறாள்.

கிங்கோ பெட்டியைத் தூக்கி மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். அடுத்த ஊரில் யாருக்கோ காது கேட்கவில்லை, யாருக்கோ தூக்கம் வரவில்லை. அவனுக்கு வேலை இருக்கிறது.